பேய் பேசும் மொழி: ‘மணிச்சித்திரத்தாழ்’, ‘சந்திரமுகி’, நடுவில் வேலூர்

மலையாளத்தில் 1993 டிசம்பரில் வெளியான ‘மணிச்சித்திரத்தாழ்’ 2024 ஆகஸ்டில் 4கே தரத்துக்கு மெருகேற்றப்பட்டு மறுபடி திரையரங்குகளுக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் தமிழில் ‘சந்திரமுகி 2’ வந்திருந்தது. 2024 தீபாவளியை ஒட்டி இந்தியில் ‘பூல் புலையா 3’ வந்தது. மூன்றும் ஒரே வேரில் முளைத்த பெயர்கள். எது மூலம், எது ரீமேக், எது பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது என்று குழம்புவதில் வியப்பில்லை. ‘சந்திரமுகி’ வெளியான 2005இல் பிறந்தவர்களுக்கு இருபது வயது ஆகிவிட்டது. அவர்களில் பலர் மலையாளப் படத்தை முதல்முறை பார்க்கும்போது அதைத்தான் நகல் என்று நினைக்கிறார்கள்.

வழக்கமாக இந்தப் பேச்சு ‘ஷோபனாவா, ஜோதிகாவா’ என்ற சண்டையில் போய் நின்றுவிடும். அந்தச் சண்டைக்கு முடிவு கிடையாது. ரீமேக்கில் மாறியவை பல என்றாலும் முக்கியமானவை இரண்டு: பேய் எந்த மொழியில் பேசுகிறது என்பதும், டாக்டர் எப்போது வீட்டுக்குள் நுழைகிறார் என்பதும். மற்ற மாற்றங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்து வந்தவை. இதில் முதல் மாற்றத்தை வேலூரில் உட்கார்ந்து பார்த்தால் மற்ற ஊர்களில் தெரியாத ஒன்று தெரியும்.

(கதையின் முடிவு கீழே சொல்லப்படுகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

1. ரீமேக்: ஒரு படத்தின் கதை உரிமையை வாங்கி, வேறு நடிகர்களை வைத்துப் புதிதாகப் படமாக்குவது. பெரும்பாலும் மொழியும் மாறும்.

2. டப்பிங்: படம் அதேதான், குரல் மட்டும் மாறும். ‘சந்திரமுகி’ தெலுங்குக்குப் போனது இந்த வழியில்.

3. தொடர்ச்சி: பெயரில் 2, 3 என்று எண் வரும். கதை தொடரலாம், தொடராமலும் போகலாம். ‘பூல் புலையா’ வரிசையின் பின்படங்களுக்கும் 1993 கதைக்கும் உள்ள உறவு தூரத்துச் சொந்தம் போன்றது.

4. மறுவெளியீடு: பழைய படமே திரும்ப வருவது. 2024இல் நடந்தது இதுதான்.

‘கருவைச் சுட்டுவிட்டார்கள்’ என்ற பேச்சும் அடிக்கடி வரும். காப்புரிமைச் சட்டம், 1957 கருவுக்குப் பாதுகாப்புத் தருவதில்லை. அந்தக் கருவை வெளிப்படுத்திய வடிவத்துக்குத்தான் தருகிறது. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அநியாயமாகச் செத்த நாட்டியக்காரி ஆவியாக வருகிறாள் என்பது யாருடைய சொத்தும் அல்ல. அவளைக் காட்சி காட்சியாக எப்படி அமைத்தார்கள் என்பதற்குத்தான் உரிமை.

யார் மூத்தவர்

1. ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993, மலையாளம்). இயக்கம் ஃபாசில், எழுத்து மது முட்டம். ஷோபனா, சுரேஷ் கோபி, மோகன்லால்.

2. ‘ஆப்தமித்ரா’ (2004, கன்னடம்). இயக்கம் பி. வாசு. சௌந்தர்யா, விஷ்ணுவர்தன். படம் ஆகஸ்டில் வந்தபோது சௌந்தர்யா உயிரோடு இல்லை. ஏப்ரலில் நடந்த விமான விபத்தில் இறந்திருந்தார்.

3. ‘சந்திரமுகி’ (14 ஏப்ரல் 2005, தமிழ்). இயக்கம் அதே பி. வாசு. ஜோதிகா, பிரபு, ரஜினிகாந்த்.

4. ‘பூல் புலையா’ (2007, இந்தி). இயக்கம் பிரியதர்ஷன். வித்யா பாலன், அக்‌ஷய் குமார். மூலப்படத்தின் சில காட்சிகளைத் துணைக் குழுவோடு படமாக்கிய இயக்குநர்களில் இவரும் ஒருவர்.

இந்த வரிசையில் இரண்டாவது படத்தை நம்மவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். ‘சந்திரமுகி’யை மலையாளப் படத்தோடு நேராக ஒப்பிடுவது பேரனைத் தாத்தாவோடு ஒப்பிட்டுவிட்டு அப்பாவை மறந்துபோவது மாதிரி. தெலுங்கில் பாடும் ஆவி, டாக்டரே ராஜா வேடம் கட்டி நிற்பது போன்றவை எல்லாம் பெங்களூர் வழியாக வந்தவை. ‘ரஜினிக்காகக் கதையைக் கெடுத்துவிட்டார்கள்’ என்ற குற்றச்சாட்டில் பாதி இங்கேயே உதிர்ந்துவிடும். அந்த வேலை விஷ்ணுவர்தனுக்காக முன்பே நடந்துவிட்டது.

நான்கு தலைப்புகள்

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுக்கு ஓர் இளம் தம்பதி குடிவருகிறார்கள். மனைவி கங்கா, திறக்கக்கூடாத அறையைத் திறக்கிறாள். பல தலைமுறைக்கு முன் அந்த வீட்டில் கொல்லப்பட்ட நாட்டியக்காரியின் ஆவி வெளியே வந்துவிட்டதாக ஊர் நம்புகிறது. விபரீதங்கள் நடக்கின்றன. கணவனின் நண்பரான மனநல மருத்துவர் வருகிறார். பேய் என்று ஒன்றும் இல்லை, கங்காவே தன்னை அந்த நாட்டியக்காரியாக நினைத்துக்கொள்கிறாள் என்று கண்டுபிடிக்கிறார்.

இந்தக் கதைக்கு நான்கு மொழிக்காரர்கள் வைத்த பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொருவரும் எதைக் கதையின் மையமாகப் பிடித்தார்கள் என்பது தெரிந்துவிடும். மலையாளத் தலைப்பு பூட்டின் பெயர்: சித்திர வேலைப்பாடு கொண்ட தாழ். நமக்கு அந்நியமான சொல் இல்லை, ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்’ என்ற குறளில் இருக்கும் அதே தாழ். கன்னடத் தலைப்புக்கு உற்ற நண்பன் என்று பொருள், அதாவது டாக்டர். தமிழ்த் தலைப்பு ஆவியின் பெயர். இந்தித் தலைப்பு வழி தெரியாமல் சுற்றவைக்கும் கட்டடம்.

மூலத்தில் பயம் பூட்டுக்குள் இருக்கிறது. எதைத் திறக்கிறோம் என்பதுதான் அங்கே கேள்வி. தமிழில் பேய்க்குப் பெயர் வைத்து அதைச் சுவரொட்டியிலும் அடித்தாயிற்று. உள்ளே இருப்பவள் யார் என்று தெரிந்துகொண்டேதான் பார்ப்பவர் டிக்கெட் வாங்குகிறார்.

பேயின் மொழி

மூலப்படத்தில் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. சங்கரன் தம்பி என்ற காரணவர், அதாவது குடும்பத் தலைவர், அவளைக் கூட்டிவந்து வீட்டில் வைத்துக்கொள்கிறார். அவளோ எதிர்வீட்டு நடனக் கலைஞன் ராமநாதன் மேல் மனம் வைக்கிறாள். காரணவர் அவளைக் கொன்றுவிடுகிறார். இந்த நாகவல்லியாகக் கங்கா மாறும்போது அவள் வாயில் வருவது தமிழ். ‘ஒரு முறை வந்து பார்த்தாயா’ என்ற பாட்டின் தமிழ் வரிகளை எழுதியவர் வாலி. அதற்கு முன்பே ‘பழந்தமிழ்ப் பாட்டிழையும்’ என்று ஒரு மலையாளப் பாட்டு தமிழை உள்ளே அழைத்து வந்துவிடுகிறது. இசையமைத்தவர் எம்.ஜி. ராதாகிருஷ்ணன், ராகம் ஆகிரி. அதைப் பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று பாடகர்களிடம் ஒரு பழைய பயம் உண்டு. ராகத்தைத் தேர்ந்ததிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

கேரள வீட்டில் தஞ்சாவூர் நாட்டியக்காரி என்பது கதைக்காக ஒட்டவைத்தது அல்ல. சுவாதித் திருநாள் (1813–1846) ஆண்ட திருவிதாங்கூர் அரசவையில் தஞ்சை நால்வர் எனப்படும் நாட்டிய ஆசான் சகோதரர்களில் ஒருவரான வடிவேலு இருந்தார். தஞ்சாவூரிலிருந்து ஆட்டமும் பாட்டும் அந்தப் பக்கம் போன தடம் உண்மையானது. படத்தின் சில காட்சிகள் எடுக்கப்பட்ட பத்மநாபபுரம் அரண்மனையே இன்று தமிழ்நாட்டு மண்ணில், கன்னியாகுமரி மாவட்டத்தில் நிற்கிறது. நிர்வாகம் மட்டும் கேரள அரசிடம்.

இந்தப் பேயைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது உடனே ஒரு சிக்கல் வரும். தமிழ் பேசும் வீட்டில் தமிழ் பேசும் பேய் வந்தால் குரல் மாறலாம், மொழி மாறாது. கங்கா எந்த நொடியில் கங்காவாக இல்லாமல் போனாள் என்று காதுக்குத் தெரியாது. ஆகவே மொழியை மாற்றியே ஆகவேண்டும். மாற்றிய கணக்கு இப்படி:

1. மலையாள வீட்டில் பேய் பேசியது தமிழ்.

2. கன்னட வீட்டிலும் தமிழ் வீட்டிலும் பேசியது தெலுங்கு. ‘ரா ரா’ பாட்டு அந்த மொழியில்தான்.

3. ‘சந்திரமுகி’யைத் தெலுங்கில் டப் செய்தபோது வீடு தெலுங்கு பேசியது. ஆகவே பேய் தமிழுக்குத் திரும்பியது. அங்கே அந்தப் பாட்டு ‘வாராய் நான் உன்னை’ என்று தொடங்கும்.

4. இந்தி வீட்டில் மஞ்சுலிகா பேசியது வங்காளம்.

பேய் எப்போதும் பக்கத்து வீட்டு மொழியைத்தான் பேசுகிறது. ரொம்ப தூரத்து மொழி உதவாது. பேய் ஜப்பானிய மொழியில் பேசினால் அரங்கம் சிரித்துவிடும். சொந்த மொழியும் உதவாது. பாதி புரிந்து பாதி புரியாமல், ஆனால் சங்கீதத்திலும் நாட்டியத்திலும் பல தலைமுறையாகக் கேட்டுப் பழகிய மொழியாக இருக்கவேண்டும். தமிழ்நாட்டுக்கு அந்த இடத்தில் தெலுங்கு கச்சிதமாகப் பொருந்தும். தஞ்சையை நாயக்கர்களும் மராட்டியர்களும் ஆண்ட காலத்தில் அரசவைப் பாட்டுக்கு உரிய மொழி பெரும்பாலும் தெலுங்கு. நாட்டியத்தில் இன்றும் அபிநயத்துக்கு எடுக்கும் க்ஷேத்ரய்யரின் பதங்கள் தெலுங்குதான். ஒரு பழங்கால நாட்டியக்காரி கோபத்தில் தெலுங்கு பேசினால் தமிழ்ப் பார்வையாளர் ஏன் என்று கேட்கமாட்டார்.

இந்தக் கணக்கு வேலூருக்கு வந்ததும் தடுமாறுகிறது.

பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரம் ஒரு காலத்தில் சித்தூர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகுதான் வேலூர் அந்த இடத்துக்கு வந்தது. காட்பாடியைத் தாண்டி, கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடியைக் கடந்தால் ஆந்திரம். வேலூரிலிருந்து சித்தூர் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் ஏராளம். வேலூர்க் கோட்டையே விஜயநகரத்தாரின் கோட்டை. தலைக்கோட்டைப் போருக்குப் (1565) பிறகு தெற்கே நகர்ந்த ஆரவீட்டு அரச மரபு பெனுகொண்டா, சந்திரகிரி என்று இறங்கி, கடைசியில் வேலூரைத் தலைநகராக்கிக்கொண்டது. வெங்கடபதி ராயர் 1614இல் இறந்ததும் வாரிசுச் சண்டை மூண்டது. ஜக்கராயன் தரப்பு புது அரசர் ஸ்ரீரங்கரைக் குடும்பத்தோடு இதே கோட்டையில் அடைத்துவைத்துக் கொன்றது. ஒரு பையன் மட்டும் தப்பினான், அவனுக்காகப் பெரிய போரே நடந்தது. தெலுங்கு அரசவை, அடைபட்ட அறைகள், அரண்மனைக்குள் கொலை: திரைக்கதை ஆசிரியர் கற்பனை செய்யவேண்டிய எல்லாமே இங்கே அகழிக்கு உள்ளே நடந்து முடிந்தவை.

ஆகவே ‘ரா ரா’ என்ற அழைப்பு மதுரையிலோ திருநெல்வேலியிலோ எழுப்பும் அந்நியத்தன்மையை இங்கே எழுப்பாது. அது பக்கத்து வீட்டு அம்மா பிள்ளையைக் கூப்பிடும் சொல். இன்னும் வேடிக்கை, மஞ்சுலிகாவின் வங்காளமும் வேலூரில் எடுபடாது. சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் வங்காள நோயாளிகளால் காந்தி ரோட்டு லாட்ஜ்களிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வங்காள எழுத்துப் பலகைகள் தொங்குகின்றன. இந்தக் கதையின் பேய்கள் இதுவரை பேசிய மூன்று மொழிகளையும் அந்த ஒரே சாலையில் காய்கறி பேரம் பேசும் குரலில் கேட்கலாம்.

அப்படியானால் வேலூரில் அந்தக் காட்சி பயமுறுத்தவில்லையா? பயமுறுத்தியது, ஆனால் பயத்தின் இடம் மாறிப்போனது. மொழி புரியாத ஊரில் ‘இது என்ன மொழி’ என்பது பயம். மொழி புரியும் ஊரில் ‘இது யார் வாயிலிருந்து வருகிறது’ என்பது பயம். மூலப்படத்தைப் பார்க்கும் எந்தத் தமிழருக்கும் நடப்பது இந்த இரண்டாவதுதான். வீட்டார் பேசும் மலையாளம் அரைகுறையாகப் புரிய, பேய் பேசுவது மட்டும் அட்சர சுத்தமாகப் புரிகிறது. இன்று துர்காஷ்டமி என்று அவள் சீறும்போது, கேரளத்தார் அந்நியக் குரலைக் கேட்கிறார்கள். நாம் நம் ஊர்ப் பெண் ஒருத்தி நியாயம் கேட்பதைக் கேட்கிறோம். அந்தப் படத்தில் ஷோபனாவின் கங்காவுக்குக் குரல் கொடுத்தவர் பாக்கியலட்சுமி. நாகவல்லியின் தமிழுக்குக் குரல் கொடுத்தவர் துர்கா என்ற வேறொரு கலைஞர் என்பதை இயக்குநர் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படுத்தினார். ஒரே உடம்பில் இரண்டு குரல் என்பது படத்தில் உவமை அல்ல, ஒலிப்பதிவிலேயே அப்படித்தான்.

டாக்டர் எப்போது வருகிறார்

மூலத்தில் டாக்டர் சன்னியாக மோகன்லால் வருவதற்குள் படம் கணிசமாக ஓடிவிடுகிறது. அதுவரை வீடு, உறவுகள், வதந்திகள், கோமாளித்தனங்கள். பார்ப்பவர் தானே துப்புத் துலக்கிக்கொண்டிருக்கவேண்டும், கை பிடித்துக் கூட்டிப்போக ஆள் இல்லை. ‘சந்திரமுகி’யில் டாக்டர் சரவணன் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறார். வந்ததும் சண்டை, அடுத்து ‘தேவுடா தேவுடா’.

இதை ரஜினியின் ஆசை என்று சுருக்கிவிடமுடியாது. இரண்டு காரணங்கள் உண்டு.

1. வியாபாரம். தமிழ்ப் படம் ஏரியா ஏரியாவாக விற்கப்படும் சரக்கு. வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்ததை சினிமாக்காரர்கள் இன்றும் என்.எஸ்.சி. என்கிறார்கள். வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிக்கப்பட்டு, பிறகு பெயரும் போய், 2019இல் வேலூரும் மூன்றாக உடைந்த பின்னும் விநியோகஸ்தர் கணக்கில் அந்த மாவட்டம் உயிரோடு இருக்கிறது. மினிமம் கேரண்டி, அதாவது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு என்ற உறுதித் தொகை, கொடுத்து வாங்குபவர் கதாநாயகன் பெயரை நம்பித்தான் பணம் போடுகிறார். அதிலும் ‘பாபா’ (2002) ஏமாற்றிய பிறகு வரும் அடுத்த ரஜினி படம். ஒரு மணி நேரம் அவரைக் காட்டாமல் இருக்க எந்த விநியோகஸ்தரும் ஒப்பமாட்டார்.

2. மரபு. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வட ஆற்காட்டுத் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதலில் கட்டியங்காரன் வந்து சிரிக்கவைப்பான். பிறகு இரண்டு பேர் திரையைப் பிடிக்க, அதன் பின்னால் நின்று ராஜா தான் யார் என்று பாடுவார், சலங்கை ஒலிக்கும், அப்புறம்தான் திரை விலகும். முக்கிய வேடத்தை ரகசியமாக உள்ளே நுழையவிடுவது கூத்தில் கிடையாது. செய்யாறு பக்கத்துப் புரிசையில் விடிய விடியக் கூத்துப் பார்ப்பவருக்குத் துச்சாதனன் என்ன செய்யப்போகிறான் என்பது முன்பே தெரியும். அவர் உட்கார்ந்திருப்பது அதை எப்படிச் செய்கிறான் என்று பார்க்க. ‘சந்திரமுகி’யின் வடிவேலு கட்டியங்காரன். ரஜினியின் அறிமுகக் காட்சி திரை விலகும் நேரம். கடைசியில் கிரீடம் வைத்து வரும் வேட்டையன் ராஜா, அதாவது நாட்டியக்காரியைக் கொன்றவனின் வேடம், தோளிலும் தலையிலும் கட்டைகள் கட்டிய கட்டை வேடம். மூலப்படம் துப்பறியும் கதையின் இலக்கணத்தில் நிற்க, ரீமேக் கூத்தின் இலக்கணத்துக்கு வந்துவிட்டது.

லாபமும் நஷ்டமும் இதில் கலந்தே வந்தன. சென்னை சாந்தி திரையரங்கில் படம் 800 நாளுக்கு மேல் ஓடியது லாபக் கணக்கு. நஷ்டம் அடுத்த பகுதியில்.

சந்தேகம் யார் மேல்

நல்ல திகில் படம் தவறான ஆளைக் கைகாட்டவேண்டும். மூலத்தில் அந்த ஆள் ஸ்ரீதேவி. ஜாதக தோஷம் சொல்லி ஒதுக்கப்பட்டவள், கங்காவின் கணவன் நகுலனுக்குப் பேசி நின்றுபோனவள், வீட்டிலேயே வளைய வருபவள். அவளுக்குக் கோபப்பட முழுக் காரணம் இருக்கிறது, ஆகவே சந்தேகம் ஒட்டிக்கொள்கிறது. டாக்டரும் அவளைத்தான் சந்தேகிப்பதாகக் காட்டிக்கொள்கிறார்.

தமிழில் இந்த ஒருத்தி இரண்டாகப் பிரிக்கப்பட்டாள். கங்காவின் கணவன் செந்தில்நாதனுக்குப் பேசியிருந்த பெண் பிரியா. சந்தேகத்துக்கு ஆளாகும் பெண் துர்கா, தோட்டக்காரரின் பேத்தி. துர்காவாக வந்த நயன்தாராவுக்கு டாக்டரோடு பாட்டும் உண்டு. காரணம் ஒருத்தியிடம், சந்தேகம் இன்னொருத்தியிடம். கதாநாயகன் விரும்பும் பெண் கொலைகாரியாக இருக்கமாட்டாள் என்பது தமிழ்ப் பார்வையாளருக்குப் பால்குடி நாளிலிருந்து தெரியும். கண்கட்டு அங்கேயே அவிழ்ந்துவிடுகிறது.

வீட்டின் உரிமையும் மாறியது. மூலத்தில் மாடம்பள்ளி நகுலனின் பூர்வீக வீடு. கொன்ற காரணவர் அவனுடைய முன்னோர். நாகவல்லி பழிவாங்கத் தேடுவது அவனுடைய ரத்தத்தை, அதாவது கங்காவின் புருஷனை. குடும்பத்தின் பழைய பாவம் படுக்கையறை வரை வந்துவிட்டது. தமிழில் வேட்டையபுரம் அரண்மனையைச் செந்தில்நாதன் விலைக்கு வாங்குகிறார். வேட்டையன் அவருக்குச் சொந்தக்காரன் அல்ல. ராஜாவின் முகம் டாக்டருடையது. பேயின் பகை கணவனை விட்டு நகர்ந்து கதாநாயகனிடம் போய்ச் சேர்கிறது. கடைசிக் காட்சியில் யார் எதிரே யார் நிற்கவேண்டும் என்ற நட்சத்திரக் கணக்கு அப்போதுதான் சரியாகும். ஆனால் இறந்தவள் கேட்ட கணக்கு கழன்றுபோகிறது. இந்த ஒரு இடத்தில் ரீமேக் இழந்தது பெரிது என்பது என் கட்சி.

பாம்பு இன்னொரு விஷயம். மூலத்தில் நடக்கும் ஒவ்வொரு விபரீதத்தையும் பின்னோக்கிப் போய்க் கங்காவின் கையில் கொண்டுவந்து வைக்கமுடியும். ‘சந்திரமுகி’யில் அறையைச் சுற்றி ஒரு பெரிய பாம்பு ஊர்ந்துகொண்டே இருக்கிறது. அதற்கு டாக்டரிடம் விளக்கம் இல்லை. பேய் இல்லை என்று சொல்லும் படம் கொஞ்சம் பேயை மிச்சம் வைத்துக்கொள்கிறது.

நோயா, பேயா

சரவணன் படத்தில் சொல்லும் பெயர் ‘ஸ்பிளிட் பர்சனாலிட்டி’. அந்தச் சொல் தமிழில் தெருமுனை வரை வந்தது இந்தப் படத்தால்தான். அதனால் ஏற்பட்ட குழப்பங்களும் சில.

1. இது மனச்சிதைவு அல்ல. மனச்சிதைவு என்கிற ஸ்கிசோஃப்ரினியாவில் இல்லாத குரல் கேட்கும், யாரோ கண்காணிப்பதாகத் தோன்றும். ஒருவர் இருவராகிவிடுவதில்லை.

2. படம் காட்டும் நிலைக்கு முன்பு ‘பன்முக ஆளுமை’ என்று பெயர் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1994இல் அதை மாற்றினார்கள். ஒருவரின் நினைவும் ‘நான்’ என்ற உணர்வும் ஒன்றோடொன்று தொடர்பற்றுப் பிரிந்து நிற்பதைக் குறிக்கும் பெயர் வந்தது.

3. உலக சுகாதார நிறுவனத்தின் 1992ஆம் ஆண்டு நோய்ப் பட்டியலில் ‘ஆட்கொள்ளப்படும் நிலை’ தனியாகவே உண்டு. அதில் ஒரு நிபந்தனை: அது ஒருவரின் விருப்பமின்றி வரவேண்டும், சமயமும் பண்பாடும் ஏற்கும் சந்தர்ப்பத்துக்கு வெளியே நடக்கவேண்டும்.

மூன்றாவது வேலூர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும். மாசி அமாவாசையில் பாலாற்றுப் படுகையில் மயானக் கொள்ளை நடக்கும்போது அங்காளம்மன் வேடம் கட்டியவருக்கு ஆவேசம் வந்தால் யாரும் ஆம்புலன்சைக் கூப்பிடுவதில்லை. அது வரவேண்டிய இடம், வரவேண்டிய நேரம். திருவிழா முடிந்து, வேடம் கலைத்து, மறுநாள் அவர் வேலைக்குப் போய்விடுவார். அதே நிலை ஒரு பெண்ணுக்கு நள்ளிரவில் சமையலறையில், அவளுக்கே தெரியாமல், திரும்பத் திரும்ப வந்தால் கதை வேறு. வேப்பிலை அடித்தோ தாயத்து கட்டியோ நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் போகவேண்டும். இந்த வட்டாரத்தில் அதற்கான இடம் நெடுங்காலமாக இருக்கிறது. பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் 1957இல் தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கும் முறைக்கு இந்தியாவின் முன்னோடிகளில் அதுவும் ஒன்று.

குடும்பம் கூடவே இருப்பது என்ற அந்தச் சங்கதியில் மூலப்படம் உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது. டாக்டர் சன்னியின் திட்டம் பலிக்கவேண்டுமானால் நகுலன் நாகவல்லியின் வாளுக்கு முன்னால் இருக்கச் சம்மதிக்கவேண்டும். சுழலும் பலகையில் கடைசி நொடியில் பொம்மை மாறும். கங்கா வெட்டியதாக நம்பிக்கொள்வாள். திலகன் நடித்த மந்திரவாதி பிரம்மதத்தன், டாக்டரோடு சேர்ந்தே இதை நடத்துகிறார், எதிர்த்து அல்ல. தமிழிலும் ஆச்சாரியார் வருகிறார். ஆனால் அங்கே கண்கள் எல்லாம் வேட்டையன் மேல் இருப்பதால் கணவன் ஓரமாக நின்றுவிடுகிறார்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடவேண்டும். கொலையை நடித்துக் காட்டி ஒரே இரவில் குணப்படுத்தும் சிகிச்சை எந்த மருத்துவமனையிலும் கிடையாது. உண்மையில் அது மாதக்கணக்கான, சில சமயம் வருடக்கணக்கான பேச்சுச் சிகிச்சை. பெரும்பாலும் சிறுவயதில் பட்ட காயத்திலிருந்து தொடங்கும். மூலத்தில் கங்காவின் சிறுவயதுக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்: பெற்றோரைப் பிரிந்து பாட்டியின் கதைகளோடு வளர்ந்தவள், அந்த உலகத்திலிருந்து திடீரென்று பிடுங்கப்பட்டவள். அந்தச் சில நிமிடங்கள் நினைவில் இருந்தால்தான் பின்னால் அவள் ஒரு பழங்கதைக்குள் போய் ஒளிந்துகொள்வது புரியும்.

எந்த வரிசையில் பார்ப்பது

மூன்றையும் பார்க்க நினைப்பவர்கள் ‘சந்திரமுகி’யை முதலில், ‘மணிச்சித்திரத்தாழ்’ அடுத்து, ‘ஆப்தமித்ரா’வைக் கடைசியில் பார்க்கலாம். வெளியான வரிசையில் பார்த்தால் தமிழ்ப் படம் ஒவ்வொரு காட்சியிலும் தோற்றுக்கொண்டே இருக்கும், அது நியாயமில்லை. அதற்கென்று ஒரு கூத்து இலக்கணம் இருக்கிறது, அதை அதன் போக்கில் முதலில் பார்த்துவிடவேண்டும். பிறகு மலையாளப் படத்துக்கு வந்தால் ரகசியம் முன்பே தெரிந்திருக்கும், அதனால் ஒன்றும் குறையாது. யார் என்று தேடும் வேலை இல்லாததால் கங்காவின் கண்களைத் தொடக்கத்திலிருந்தே கவனிக்கலாம். முதல்முறை பார்ப்பவர் தவறவிடும் சின்னச் சின்ன மாற்றங்கள் அங்கேதான் இருக்கின்றன. வீட்டார் பேசும் மலையாளத்துக்குச் சப்டைட்டில் வேண்டியிருக்கும். கட்டிலை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு அவள் பேசத் தொடங்கும் இடத்தில் மட்டும் வேண்டியிருக்காது.